வழியும் ஊணும்: பயணத்தில் இடமும் உணவும் உறுதிப்பட்ட வரலாறு

பயணம் மேற்கொள்வோர் இரண்டு செய்திகளை முன்கூட்டியே அறிய விரும்புவர். ஏறிச் செல்லும் ஊர்தியில் இடம் உண்டா என்பது ஒன்று. செல்லும் வழியிலும் சென்று சேரும் இடத்திலும் உணவும் தங்கலும் கிடைக்குமா என்பது மற்றொன்று. இன்று இவ்விரண்டும் ‘முன்பதிவு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் இவை தனித்தனி வரலாறுகளை உடையவை. உணவை உறுதி செய்யும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. ஊர்தியில் இடத்தை உறுதி செய்யும் முறையோ இரயில் வந்த பின்னரே தோன்றியது. உறுதி யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பினால் அவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் காணமுடிகிறது. இலக்கியம், அறக்கட்டளை, இரயில்வே நிருவாகம், தன்வரலாறு ஆகிய பல்வகைச் சான்றுகளின்வழி அவ்வெட்டுமுனைகளை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

ஆற்றுப்படை தரும் உறுதி

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். இவற்றைப் புரவலர் புகழ் பாடும் இலக்கியமாகவே பெரும்பாலான திறனாய்வாளர்கள் அணுகியுள்ளனர். பயணத்தை நோக்கி அணுகினால் வேறொரு பண்பு புலப்படும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் பாணனுக்கு வழியை மட்டும் சொல்வதில்லை. எந்த ஊரில், எந்நிலத்து மக்களிடம், எவ்வகை உணவு கிடைக்கும் என்பதையும் வரிசைப்படுத்திச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவரிடம் கள்ளும் சுட்ட மீனும், வேலூர் எயினரிடம் புளியிட்ட சுடுசோறும் ஆமான் இறைச்சியும், ஆமூர் உழவரிடம் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் எனக் கூறப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கோவலர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும், அந்தணர் குடியிருப்பில் நெல்லரிசிச் சோற்றோடு மாதுளங்காயும் மாவடுவும் பேசப்படுகின்றன. இப்பட்டியல்களைத் திணைசார் உணவு வருணனையாகக் கொள்வது மரபு. அது தவறன்று. ஆயினும் பசியோடு நடக்கப்போகும் ஒருவனின் காதில் இவை வருணனையாகவா விழுந்திருக்கும்? அடுத்த வேளைக்கு வகையுண்டு என்ற உறுதியாகவே அவை விழுந்திருக்கும்.

இவ்வுறுதிக்கு ஆதாரம் எது என்பதும் எண்ணத்தக்கது. ஓலையோ முத்திரையோ இல்லை. அங்குச் சென்று உண்டு மீண்டவன் ஒருவனின் சொல்லே ஆதாரம். மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மலைநாட்டுச் சிற்றூர்களில் தாம் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் என்று சொன்னால் போதும். அம்மக்கள் தம் வீட்டார்போல் எண்ணி உணவளிப்பர் என்று அது கூறுகிறது. புரவலன் பெயரே அங்கு நுழைவுச்சீட்டாகிறது.

புறநானூற்றில் சிறுகுடி கிழான் பண்ணனைச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பாடிய 173ஆம் பாட்டு இப்பொருளில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பண்ணன் வீட்டிலிருந்து கையில் சோற்றோடு சிறுவர்கள் எறும்பு வரிசைபோல் வருகின்றனர். அதைக் கண்ணால் கண்ட பின்னும் பாணன், அவ்வீடு அருகில் உள்ளதா தொலைவில் உள்ளதா என்று மீண்டும் மீண்டும் கேட்கிறான். சான்று கண்முன் நிற்கிறது. ஐயம் மட்டும் தீரவில்லை. பசித்தவனின் இம்மனநிலையை அரசன் ஒருவனே பாடலாக்கியிருப்பது வியப்புக்குரியது.

பிற்காலப் பக்தி இலக்கியத்திலும் இக்கவலை தொடர்கிறது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் வாடிய திருநாவுக்கரசருக்கு இறைவன் அந்தணர் வடிவில் பொதிசோறு வழங்கியதைப் பெரியபுராணம் கூறுகிறது. திருக்கச்சூரில் சுந்தரருக்காக இறைவன் வீடுதோறும் சென்று சோறு இரந்த செய்தியும் அந்நூலில் உள்ளது. வழியில் உணவு உறுதியில்லை என்பதே இக்கதைகளின் அடித்தளம். உறுதியிருந்தால் இறைவனுக்கு அங்கு வேலையில்லை. உறுதியில்லாத வழிக்கு மனிதர் கண்ட விடை கட்டுச்சோறு. அதற்கு ‘ஆற்றுணா’ என்ற அழகிய பழஞ்சொல் தமிழில் உண்டு. இன்றைய வழக்கில் அச்சொல் மறைந்துவிட்டது. அது குறித்த பொருளோ இரயில் பெட்டிகளில் இன்றும் புளியோதரையாகவும் இட்டலிப் பொட்டலமாகவும் பயணம் செய்கிறது.

சத்திரமும் நள்ளிரவு மணியும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் உணவு அறம் நிறுவனமாகிறது. சாலைகளுக்கு விடப்பட்ட ‘சாலாபோக’ நிலங்கள், நாள்தோறும் இத்தனை பேருக்கு இவ்வளவு நெல் என்ற அளவுக் குறிப்புகள் ஆகியன அவற்றில் காணப்படுகின்றன. ஆற்றுப்படையின் வாய்ச்சொல் இங்குக் கல்லில் எழுத்தாகிறது. உறுதி வலுப்பெறுகிறது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் எத்தனை பேர், எவ்வகையினர் என்ற எல்லையும் அக்கல்லிலேயே வெட்டப்படுகிறது. அந்தணர் இத்தனை பேர், அடியார் இத்தனை பேர் என்று எண்ணிக்கை குறிக்கப்படும்போது, அவ்வெண்ணிக்கைக்கு வெளியே நிற்பவரும் உருவாகிவிடுகின்றனர்.

தஞ்சை மராத்தியர் காலச் சத்திரங்கள் இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறுவன. இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் தஞ்சை ரெசிடெண்டுக்கு எழுதிய மடல் இவற்றின் செயல்முறையை விரிவாக எடுத்துரைக்கிறது. சத்திரங்களின் நிருவாகம் தம் கையைவிட்டுப் போகலாகாது என்று வேண்டுவதே அம்மடலின் நோக்கம். எனவே சிறப்புகளைச் சற்று மிகுத்துச் சொல்லும் இயல்பு அதற்கு இருக்கக்கூடும். இருப்பினும் அது தரும் செய்திகள் விலைமதிப்பற்றவை. பல சமயத்து யாத்திரிகர்களுக்கும் சமைத்த சோறு வழங்கப்பட்டது. பிறர் சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே அளிக்கப்பட்டது. நள்ளிரவு வரை இவ்வறம் நடைபெற்றது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உளரேல் வந்து பெற்றுக்கொள்க என்று அறிவிக்கப்பட்டது.

முன்னறிவிப்பு இல்லாமல் வருபவனுக்காகவே அம்மணி ஒலித்தது. இன்றைய முன்பதிவு முறை முன்னரே பெயர் தந்தவனுக்கு உறுதி தருகிறது. சத்திரத்து மணி, பெயர் தராதவனைத் தேடி அழைத்தது. சமைத்த சோறு, சமைக்காத அரிசி என்ற பாகுபாட்டுக்குள் சாதிநெறி இருந்ததை மறுக்க இயலாது. ஆயினும் பாகுபாட்டோடு உணவளித்தல், பாகுபாட்டால் உணவு மறுத்தல் ஆகிய இரண்டையும் வரலாற்றாய்வு ஒன்றாக்கிவிடக் கூடாது.

மறுத்த சத்திரங்களும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைஞராகக் காசிக்குச் சென்ற பெரியார் ஈ.வெ.ரா., அந்தணர்க்கு மட்டுமே உணவளித்த சத்திரங்களில் சோறு மறுக்கப்பட்டுப் பசியால் வாடியதை அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அச்சத்திரங்களுள் ஒன்றைக் கட்டியவர் அந்தணரல்லாத தென்னாட்டு வணிகரே என்பதை அறிந்த அதிர்ச்சி, அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு வித்திட்டதாகவும் கூறுவர். காசி, தமிழர்க்கு நெடுங்காலமாகத் தொலைவழிப் பயணத்தின் எல்லைக்கல். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கு நிறுவிய சத்திரம் தென்னாட்டு யாத்திரிகர்களுக்கு மொழியாலும் உணவாலும் துணையாக இருந்துவருவதையும் இங்குச் சேர்த்து எண்ணவேண்டும். ஒரே நகரம் ஒருவருக்கு உறுதியையும் மற்றொருவருக்கு மறுப்பையும் தந்திருக்கிறது.

இரயிலுக்கு முந்தைய காசிப் பயணம் எத்தகையது என்பதற்கு ஏனுகுல வீராசாமியின் தெலுங்கு நூல் சிறந்த சான்று. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர் 1830 மே மாதம் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். பெரிய பரிவாரத்தோடு சென்ற அவர், ஒவ்வொரு தங்கல் ஊரிலும் தங்க இடம் உண்டா, பண்டங்கள் கிடைக்குமா, தண்ணீர் எப்படி என்பனவற்றைக் குறித்துக்கொண்டே சென்றார். அவருடைய நண்பர் கோமலேசுவரபுரம் சீனிவாச பிள்ளை 1838இல் அதனை அச்சேற்றினார். ஆற்றுப்படையின் பணியை அச்சுநூல் ஏற்றுக்கொண்ட தருணம் அது எனலாம். பின்னால் வருபவனுக்கு முன்னால் சென்றவன் தரும் உறுதி, செய்யுளிலிருந்து உரைநடைக்கு மாறியது.

இரயிலின் வருகை

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் இரயில் ஓடியது. தென்னாட்டில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் போக்குவரத்துத் தொடங்கியது. காசிக்குச் சென்று மீள ஓராண்டுக்கு மேல் ஆன நிலை சில பத்தாண்டுகளில் மாறியது. நடைப்பயணத்தில் ‘இடம்’ என்ற சிக்கல் இல்லை; சாலை யாவர்க்கும் உரியது. இரயிலிலோ பலகையின் நீளம் வரையறைக்குட்பட்டது. ஆகவே முதன்முறையாக இடம் என்பது விற்பனைப் பொருளாயிற்று.

இங்கிலாந்தில் 1830களின் இறுதியில் தாமசு எட்மண்ட்சன் உருவாக்கிய சிறிய அட்டைச் சீட்டே இந்தியாவிலும் வழங்கியது. ஏறத்தாழ ஐந்தேமுக்கால் சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்த அட்டையில் வரிசையெண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், வகுப்பு, கட்டணம் ஆகியன அச்சிடப்பட்டிருந்தன. பயணியின் பெயர் இல்லை. வைத்திருப்பவனே உரியவன். இரயிலை நிகராக்கும் கருவியாகக் கண்டோர் இந்தப் பெயரின்மையையே பெரிதாக எண்ணினர். ஆனால் அச்சீட்டு ஏறும் உரிமையைத் தந்ததே ஒழிய அமரும் உரிமையைத் தரவில்லை. மூன்றாம் வகுப்பில் இது பெருங்கொடுமையாக முடிந்தது. 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகள், 13 ரூபாய் 9 அணா கட்டணம் செலுத்தியதையும், 22 பேர்க்குரியது எனக் குறிக்கப்பட்ட பெட்டியில் பயணத்தின் பெரும்பகுதியில் 35 பேருக்குக் குறையாமல் அடைபட்டிருந்ததையும் அவ்வாண்டே எழுதினார். பெட்டியின் மேல் எழுதப்பட்ட எண்ணிக்கை ஓர் உறுதிமொழி. உள்ளே நடந்தது அதன் மறுப்பு. நிலையங்களில் விற்கப்பட்ட தேநீரையும் தின்பண்டங்களையும் அவர் கடுமையாகக் கண்டித்திருப்பதும் இங்கு நினையத்தக்கது. உயர்வகுப்புப் பயணிக்கு இடமும் உணவும் முன்னரே சொல்லிவைக்கக் கிடைத்தன. மூன்றாம் வகுப்புப் பயணிக்கு இரண்டும் அவ்வப்போதைய நெரிசலின் விளைவுகளாக இருந்தன.

மசூர் நிலையத்தில் நின்ற சிறுவர்கள்

பயண உறுதியின் வரலாற்றில் மிக வலிமையான இந்தியச் சான்று அண்ணல் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளில் உள்ளது. 1930களில் எழுதப்பட்டு அவர் மறைவுக்குப் பின் 1990இல் தனிநூலாக வெளிவந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் அச்சிறுநூல், 1901இல் நிகழ்ந்த ஒரு கோடைவிடுமுறைப் பயணத்தோடு தொடங்குகிறது. கோரேகாவில் காசாளராகப் பணிபுரிந்த தந்தையைக் காணச் சிறுவர் அம்பேத்கர், அண்ணன், அக்காள் மக்கள் ஆகியோர் சாத்தாராவிலிருந்து புறப்பட்டனர். வருகையைத் தெரிவித்து முன்கூட்டியே மடல் எழுதினர். புத்தாடை அணிந்து, சீட்டு வாங்கி, இரயிலேறி, மாலையில் மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துப்போக யாரும் வரவில்லை.

நன்கு உடுத்திய சிறுவர்களைக் கண்ட நிலைய அதிகாரி முதலில் பரிவோடு விசாரித்தார். மகர் சாதியினர் என்று அறிந்ததும் முகம் மாறினார். வாடகைக்கு நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் எவரும் அவர்களை ஏற்ற இசையவில்லை. இறுதியில் இருமடங்கு கூலிக்கு ஒருவர் இசைந்தார். அதுவும் சிறுவர்களே வண்டியை ஓட்டவேண்டும், அவர் உடன் நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. கையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச்சாவடியில் தம்மை இசுலாமியர் என்று சொல்லிக் கேட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை. கட்டுச்சோறு கூடையில் இருக்கப் பட்டினியோடு உறங்கினர். மறுநாள் தந்தையை அடைந்தபோதுதான் காரணம் தெரிந்தது. மடல் வந்திருந்தது, பணியாள் அதனைத் தந்தையிடம் கொடுக்க மறந்துவிட்டார்.

இந்நிகழ்வைத் தீண்டாமைக் கொடுமையின் சான்றாக அனைவரும் அறிவர். பயண வரலாற்று நோக்கில் இதில் இன்னொரு கூறு உண்டு. ஒரு மடல் கைமாறாமல் போவது எந்தப் பயணிக்கும் நேரக்கூடியது. பிற பயணிக்கு அது சிறு தொல்லை; வண்டி பிடித்து, கிணற்றில் நீர் அருந்தி, போய்ச் சேர்ந்துவிடலாம். முன்னுறுதி தவறினால் பொதுவெளி தாங்கிக்கொள்ளும். தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்கு அப்பொதுவெளி இல்லை. அவர்களுடைய பயணம் முழுவதும் அந்த ஒரு மடலின் மேல் நின்றது. முன்னேற்பாடு பிறர்க்கு வசதி; அவர்களுக்கு உயிர்நாடி. மேலும், இரயில் பெட்டிக்குள் சீட்டு செல்லுபடியாயிற்று. நிலைய வாயிலைத் தாண்டியதும் செல்லாமற் போயிற்று. ஆற்றுப்படை பாணனுக்கு ‘நன்னனிடம் செல்கிறோம்’ என்ற ஒரு சொல் கதவுகளைத் திறந்தது. மசூர்ச் சிறுவர்களுக்குத் தம்மை இன்னார் என்று சொன்ன சொல்லே கதவுகளை அடைத்தது.

அதே நூலில் பரோடா நிகழ்ச்சியும் இடம்பெறுகிறது. வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பி அரசுப் பணியேற்கச் சென்ற அம்பேத்கர், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் பதிவேட்டில் எழுதப்பெற்றுத் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். பதிவேட்டில் பெயர் இருந்தது, அப்பெயர் அவருடையதன்று. விடுதிப் பதிவேடு என்ற எளிய ஏடு யாரிடம் எதைக் கேட்கிறது என்பதை இதனினும் கூர்மையாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறு இருத்தல் அரிது.

சிற்றுண்டிச்சாலைத் தடுப்பு

இரயில்வே உணவின் வரலாறு தொடக்கத்திலிருந்தே பிரிவினையின் வரலாறு. வடநாட்டு நிலையங்களில் இந்துத் தண்ணீர், முசுலீம் தண்ணீர் என இருவேறு பானைகள் வைக்கப்பட்டன. ஐரோப்பியர்க்கு ஓர் உணவகம், இந்துக்களுக்கு ஒன்று, இசுலாமியர்க்கு ஒன்று என்பது பெருநிலையங்களின் அமைப்பு. தென்னாட்டில் இதனுள்ளும் ஒரு பிரிவு. இந்து உணவகத்துக்குள் அந்தணர்க்குத் தனியிடமும் ஏனையோர்க்குத் தனியிடமும் ஒதுக்கப்பட்டன. ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்ற பலகைகள் நகரத்து உணவு விடுதிகளிலும் வழங்கின. ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசி வந்த இருவர், நிலையத்தில் இறங்கியதும் வெவ்வேறு வாயில்களில் நுழைந்தனர். பயணச்சீட்டு கேட்காத வினாவை உணவகத் தடுப்பு கேட்டது.

இப்பிரிவினைக்கு எதிரான குரல் தமிழகத்தில் 1920கள் தொடங்கி ஓங்கியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, பொதுக்கட்டடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்குள்ள உரிமையை வலியுறுத்தியது. அதே காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது பெரும் அரசியல் புயலை எழுப்பியது. பந்தி என்பது வெறும் இருக்கை வரிசையன்று என்பதை அப்போராட்டம் நாடறியச் செய்தது. சுயமரியாதை இயக்கம் இரயில் நிலையத் தடுப்புகளைத் தொடர்ந்து கண்டித்தது. பயணிகளின் வரிப்பணத்தாலும் கட்டணத்தாலும் இயங்கும் நிறுவனம் ஒரு சாதியார்க்குத் தனியிடம் காப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே வாதம். 1941இல் தென்னாட்டு இரயில் நிலைய உணவகங்களில் இப்பாகுபாடு நீக்கப்பட்டது.

தனியார் விடுதிகளில் பெயர்ப்பலகை மேலும் சில காலம் நீடித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் கூறு கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதி, சமயம் முதலியன காட்டி எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. 1955இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம் தருமசாலைகளையும் இதற்குள் கொண்டுவந்தது. அதன் பின்னரும், 1957இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடர் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. உள்ளே செல்வதைச் சட்டம் உறுதி செய்துவிட்ட பிறகு ஒரு சொல்லுக்காகப் போராட்டம் ஏன் என்று அன்று வினவியோர் உண்டு. மசூர் நிலைய அதிகாரியின் முகம் மாறியதும் ஒரு சொல்லால்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பின் இரயில்வே உணவைச் சீர்செய்ய அமைக்கப்பெற்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த ஓ.வி. அளகேசன். அக்குழுவின் பரிந்துரையின் பேரில் 1955இல் இரயில்வே துறையே நேரடியாக உணவு வழங்கத் தொடங்கியது. 1969இல் ஹவுராவுக்கும் புதுதில்லிக்கும் இடையே ஓடத் தொடங்கிய இராஜதானி விரைவு இரயிலில் கட்டணத்துக்குள்ளேயே உணவும் சேர்க்கப்பட்டது. இடத்துக்கான சீட்டே உணவுக்கான சீட்டாகவும் அமைந்தது. ஒரே சமையலறை, ஒரே தட்டு; சைவம், அசைவம் என்பது மட்டுமே வினா. முப்பதாண்டுகளுக்கு முன் நிலவிய தடுப்புகளை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. எனினும் அவ்வண்டி ஏழைகளின் வண்டியன்று என்பதையும் மறத்தலாகாது.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

படுக்கை முன்பதிவு கணினிக்கு முன் பேரேடுகளில் நடைபெற்றது. வண்டிக்கொரு பேரேடு, நாளுக்கொரு பக்கம், நிலையத்துக்கு இத்தனை இடம் என்ற பங்கு. இடைநிலையத்திலிருந்து ஏறுவோர், திரும்பும் பயணத்துக்கு இடம் வேண்டுவோர் ஆகியோரின் வேண்டுகோள் தந்தியில் செல்லும். விடையும் தந்தியில் வரவேண்டும். விடை வராமலே பயணத்தைத் தொடங்கியோர் பலர். பேரேடு ஒரு சாளரத்தின் பின்னால் இருந்ததால், அதனைப் பார்க்கக்கூடியவருக்கும் பார்க்க இயலாதவருக்கும் இடையே புதியதொரு ஏற்றத்தாழ்வு தோன்றியது. தரகும் கையூட்டும் அவ்விடைவெளியில் வளர்ந்தன.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் நீக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை இரயில்வே அமைச்சராக விளங்கிய மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு மரப்பலகைப் படுக்கைகளுக்கு மெத்தையிட ஏற்பாடு செய்தார். காந்தியடிகளின் 1917ஆம் ஆண்டு முறையீட்டுக்கு அறுபதாண்டுகள் கழித்துக் கிடைத்த விடை எனலாம். 1985இல் புதுதில்லியில் கணினி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. பின்னர்ச் சென்னை, கல்கத்தா, பம்பாய், செகந்திராபாத் ஆகிய மையங்கள் அமைந்தன. 1999இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன்பின் எந்த ஊரில் இருந்தும் எந்த வண்டிக்கும் இடம் கேட்க முடிந்தது. 2002 ஆகஸ்டு 3 முதல் இணையவழிப் பதிவும் வந்தது. தந்திக்குக் காத்திருந்த பயணிக்கு இப்போது பத்து இலக்க எண் ஒன்று கிடைத்தது. அதனைக் கொண்டு தன் நிலையைத் தானே அறியலாம். சாளரத்துப் பேரேடு பயணியின் கைக்கு வந்தது.

உறுதி என்பதற்கும் உறுதியின்மை என்பதற்கும் இடையே இந்திய இரயில்வே படைத்த நடுநிலை தனிச்சிறப்புடையது. காத்திருப்போர் பட்டியல் ஒருபுறம். இரத்தாகும் இடத்துக்கு எதிரான முன்பதிவு மற்றொருபுறம். அதில் ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இருவர் இருக்கையாகப் பகிர்ந்துகொள்வர். ஏறலாம், அமரலாம், படுக்க மட்டும் உறுதியில்லை. வண்டி புறப்படுமுன் ஆயத்தமாகும் பட்டியலே இறுதி முடிவு. சாளரத்தில் வாங்கிய காத்திருப்புச் சீட்டோடு வண்டியேறிப் பரிசோதகரிடம் மன்றாடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இணையச் சீட்டிலோ பட்டியல் ஆயத்தமானதும் உறுதிபெறாத சீட்டு தானே இரத்தாகிவிடும். பணம் திரும்பும், மன்றாடும் வாய்ப்பு திரும்பாது. முன்பதிவுக் காலமும் பலமுறை மாறியுள்ளது. 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாயிற்று. நாள்கூலியாகப் பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளிக்கு அறுபது நாள் முன்னும் தெரியாது, ஆறு நாள் முன்னும் தெரியாது. முன்பதிவற்ற பெட்டியில் அவன் நிற்கும் நிலை 1917ஆம் ஆண்டுப் பயணிக்குப் பெரிதும் அயலானதன்று.

சொல்லும் பெயரும்

ஆங்கிலத்தில் ‘ரிசர்வேஷன்’ என்ற ஒரு சொல் குறிக்கும் இரண்டைத் தமிழ் இரு சொற்களாகப் பிரித்துக்கொண்டது. பயணத்துக்குரியது ‘முன்பதிவு’, கல்வி, வேலைவாய்ப்புக்குரியது ‘இடஒதுக்கீடு’. முன்னையது முந்துபவர்க்குத் தரும் உரிமை. பின்னையது முந்த விடாமல் தடுக்கப்பட்டவர்க்குத் தரும் உரிமை. பொருளளவில் ஏறத்தாழ எதிரெதிரான இவ்விரண்டையும் தமிழ் குழப்பிக்கொள்ளவில்லை என்பது கலைச்சொல்லாக்கத்தின் வெற்றிகளுள் ஒன்று. ‘உறுதி’ என்ற சொல்லும் நெடும்பயணம் செய்திருக்கிறது. ‘உறுதிப்பொருள்’ என்னும் வழக்கில் நன்மை, பயன் என்ற பொருளைத் தந்த சொல், இன்று இரயில் நிலைய அறிவிப்பில் ‘உறுதி செய்யப்பட்ட இருக்கை’ என ஒலிக்கிறது. பேச்சுவழக்கோ ‘கன்ஃபர்ம்’ என்பதை விடாமல் பற்றிக்கொண்டுள்ளது.

எட்மண்ட்சன் அட்டையில் இல்லாத பெயர், முன்பதிவுச் சீட்டில் திரும்பி வந்தது. பெயர், வயது, பாலினம் ஆகிய மூன்றும் பட்டியலில் அச்சாகி ஒவ்வொரு பெட்டியின் வாயிலிலும் ஒட்டப்பட்டன. சாதி கேட்கப்படவில்லை. ஆனால் இந்தியாவின் பல பகுதிகளில் பெயரின் பின்னொட்டே அதனைச் சொல்லிவிடும். எதிர் இருக்கையில் வரப்போகிறவர் யார் என்று பட்டியலைப் படித்தே கணித்துக்கொள்வோர் உண்டு. தென்னகத்திலிருந்து புறப்படும் வண்டிகளின் பட்டியல் இவ்வகையில் வேறுபட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடுமாறு அறைகூவியது. அவ்வழக்கம் இரண்டு தலைமுறைகளில் வேரூன்றியதன் விளைவாகத் தமிழ்ப் பயணியின் பெயர் ஒரு தலைப்பெழுத்தோடு நின்றுவிடுகிறது. வடநாட்டு விடுதிகளில் பதிவேடு நிரப்பும்போது குடும்பப்பெயர் என்ன என்று தமிழரிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவதும், தந்தையின் பெயரையே அவர் அக்கட்டத்தில் எழுதிவைப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். 2018 முதல் பெருநிலையங்களில் பெட்டி வாயிலில் காகிதப் பட்டியல் ஒட்டும் வழக்கமும் கைவிடப்பட்டது. பெயர்கள் இப்போது பரிசோதகரின் கைக்கருவியில் மட்டும் உள்ளன.